மல்லர் திலகம் காமா பயில்வான்

கல்வியாற் சிறந்தோர், கொடையாற் சிறந்தோர், தவத்தாற் சிறந்தோர் ஆகிய பெரியார்களின் சரித்திரங்களை நம்மனோர் விரும்பிப் படித்து வருகின்றனர். தோள்வலியாற் சிறந்தோர் சரித்திரமோ அங்ஙனம் எழுதப்படுவதும் அரிது, படிக்கப்படுவதும் அரிது. மற்போரென்பது கல்லாதார் தொழிலென்றும், திருவிழாக் கூட்டத்தில் வேடிக்கை காட்டுவோர் பிழைப்பென்றும் நம்முள் ஒரு தாழ்ந்த எண்ணம் நிலவுவதே அதற்குக் காரணமாம். பண்டைத் தமிழர்க்கு அவ்வெண்ணம் இருந்ததில்லை. முக்காவனாட்டு ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்திய செய்தியைப் புறநானூறு போற்றி வைத்திருக்கின்றது. பல்லவ வேந்தனாகிய முதலாம் நரசிம்மவர்மன் பூண்டிருந்த மாமல்லன் என்னும் பட்டம் பெருமல்லன் என்ற பொருளதே. மாமல்லபுரம் அவன் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அரசரும் தோள்தட்டிக் களம் புகுந்த கலையைக் கீழ்மையென்று தள்ளுதற்கு நாம் யார்?

மேனாடுகளிற் குத்துச்சண்டையில் முதன்மை பெற்ற வீரனுக்கு எத்துணை மதிப்பு உண்டோ, அத்துணை மதிப்பு வடஇந்தியாவிற் குஸ்தியில் முதன்மை பெற்றவனுக்கு இருந்து வந்தது. அக்குஸ்திக் கலையில் ஐம்பதாண்டுக் காலம் தோல்வியென்பதையே அறியாது விளங்கி, கடல் கடந்து சென்று வெள்ளையர் நாட்டிலும் தம் வலிமையை நாட்டி, முதுமையில் வறுமையும் நோயும் எய்திய ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். காமா என்றால் இன்றும் கிராமங்களில் முதியோர் அறிவர். உடல் பருத்த சிறுவனைக் கண்டால் காமா பயில்வானோ என்று கேலி செய்யும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. பெயரை அறிந்தவர் பலர். சரித்திரத்தை அறிந்தவர் சிலர்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ் என்பது. 1878-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, பஞ்சாபில் அமிர்தசரஸைச் சார்ந்த ஜப்போவால் என்னும் சிற்றூரிற் பிறந்தார். காச்மீரத்தினின்றும் பஞ்சாபிற் குடியேறிய முஸ்லிம் குடும்பம் அவருடையது. தந்தையார் முகம்மது அஜீஸ் பக்ஷ் ஒரு மல்லர். தாயைப் பெற்ற பாட்டனாராகிய நூன் பயில்வானும் மல்லர். இங்ஙனம் இருவழியும் மல்லர் குடியாயிருந்தமையால், அப்பிள்ளைக்குத் தொழில் எதுவென்ற கேள்வியே எழவில்லை. கைத்தறி ஓங்கியிருந்த நாளில் நம் அம்மாபேட்டைத் தெருக்களிற் பிறந்த குழந்தை, பேச்சுக் கற்குமுன்னரே தறியோசைக்குச் செவி பழகிவிடும். பாவு போடும்போது அறுந்த இழையை முடியவும், தார் சுற்றவும் யாரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை. பார்த்தும் கைகொடுத்துமே அது கற்கும். பஞ்சாபின் பயில்வான் வீடுகளிற் குஸ்தியும் அவ்வாறே கற்கப்பட்டது. ஒரு தொழில் ஒரு குடியின் கையிலேயே தலைமுறை தலைமுறையாக நிற்பதிற் குறைகள் பல உண்டு. ஆயினும் அத்தொழிலின் நுட்பங்கள் ஏட்டிலேறாமலே கைக்குக் கை வழிவழியாய் வருவதற்கு அது துணையாயிருந்தது என்பதை மறுக்கவியலாது.

காமாவுக்கு ஆறு வயது நிரம்பும் அளவில் தந்தையார் காலமானார். பாட்டனார் அவரையும் இளைய சகோதரன் இமாம் பக்ஷையும் தம் பொறுப்பில் ஏற்றார். சின்னாட்களில் அம்முதியவரும் மறைந்தார். பின்னர் உறவின் முறையில் மூத்தவராகிய ஈடா பயில்வான் என்பவர், தந்தை அடைய எண்ணியிருந்த பெருமையை மைந்தனாவது அடைய வேண்டுமென்று உறுதிபூண்டு, அவரைப் பயிற்றுவித்தார். தந்தையற்ற பிள்ளைகளை உறவினர் தாங்கி வளர்த்துத் தொழிலில் நிலைநிறுத்திய செய்தி நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆதலின் விரித்தெழுதாது மேற்செல்கின்றோம்.

1888-ம் ஆண்டில் ஜோத்பூர் மகாராஜாவாகிய ஜஸ்வந்த் சிங் ஒரு பந்தயம் ஏற்படுத்தினார். குஸ்தியன்று; பஸ்கி போடும் பந்தயம். இந்தியாவின் பல பகுதிகளினின்றும் வந்த நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் ஒருங்கே உட்கார்ந்தெழத் தொடங்கினர். நேரம் செல்லச் செல்ல ஒவ்வொருவராய்ச் சோர்ந்து விலகினர். கடைசியிற் பதினைவரே எஞ்சினர். அப்பதினைவருள் ஒருவன் பத்து வயதுச் சிறுவன் காமா. அவன் இளமையை எண்ணி மகாராஜா அவனையே வென்றவனாக அறிவித்தார். அன்றே அவன் பெயர் வடநாடெங்கும் பரவிற்று. அதன்பின் அச்சிறுவன் சில நாட்கள் படுக்கையை விட்டு எழவியலாது கிடந்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அளவிறந்து உடலை வருத்தினால் தசைகள் சிதைந்து, அச்சிதைவின் கழிவு இரத்தத்திற் கலந்து சிறுநீரகங்களைத் தாக்குமென்று இக்கால வைத்தியர் கூறுகின்றனர். ஆதலின் இச்சரித்திரத்தைப் படிக்கும் இளைஞர் காமாவைப் பின்பற்ற விரும்புவராயின், அந்த ஒருநாளைப் பின்பற்றாமல், அதன்பின் அவர் ஒருநாளும் விடாது செய்த அன்றாடப் பயிற்சியைப் பின்பற்றுமாறு வேண்டுகின்றோம்.

இந்த வெற்றியின் பயனாகத் தத்தியா சமஸ்தானத்து மகாராஜா பவானி சிங் அவரைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். அக்காலத்து மல்லர்க்கு இஃதே வாழ்வு. பயில்வான் ஒருவனுக்கு வேண்டிய பாலும் நெய்யும் பாதாம் பருப்பும் ஏழைக் குடும்பத்தால் ஈட்டக்கூடியன அல்ல. சமஸ்தானாதிபதிகள் யானையும் குதிரையும் கட்டித் தீனியிட்டதுபோல மல்லரையும் வைத்துப் போஷித்தனர். தம் பயில்வான் அயல் சமஸ்தானத்துப் பயில்வானை வீழ்த்துவதைத் தம் வெற்றியாகவே கருதினர். போர்க்களங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் அடைபட்டுப்போன பின்னர், குஸ்திக் கோதா ஒன்றே அரசர்களுக்கு எஞ்சிய போர்க்களமாயிற்றோ என்று நாம் எண்ணுவதுண்டு.

கோதா என்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறுதல் வேண்டும். வடநாட்டு மல்லர் பயிலும் குழியின் மண், வெறும் மண்ணன்று. கல்லும் கட்டியும் நீங்கச் சலித்து, எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன கலந்து, நாள்தோறும் மண்வெட்டியாற் கொத்திப் பதப்படுத்துவர். அங்ஙனம் கொத்துவதும் ஒரு பயிற்சியே. வஸ்தாதை வணங்கி, அம்மண்ணை எடுத்து மேனியிற் பூசிக்கொண்டே இறங்குவர். இந்துவும் முஸ்லிமும் ஒரே குழியில் ஒரே வஸ்தாதின்கீழ்ப் பயின்றது அங்கு இயல்பான வழக்கம். இம்மெத்தென்ற மண்ணிற் பயின்ற கால்களுக்கும், மேனாட்டார் விரிக்கும் விரிப்பிற் பயின்ற கால்களுக்கும் வேற்றுமை உண்டு. இஃது பின்வரும் செய்திக்கு வேண்டியதாதலின் நேயர்கள் நினைவில் வைப்பார்களாக.

காமாவின் அன்றாடப் பயிற்சியைப் பற்றி வழங்கும் கணக்குகள் வியப்புக்குரியன. நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கியும் மூவாயிரம் தண்டாலும் எடுப்பாரென்றும், நாற்பது மல்லருடன் மாறிமாறிப் பொருதுவாரென்றும் கூறுவர். உணவின் கணக்கோ பாலைப் படிக்கணக்கிலும், பாதாம் பருப்பை ராத்தற் கணக்கிலும், கோழிகளை அரை டஜன் கணக்கிலும் எண்ணுவது. இவை வாய்க்கு வாய் வளர்ந்தனவாயிருத்தல் கூடும். பரோடாவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்றும் அத்தகையதே. 1902-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி அவர் அங்கு ஒரு பெருங்கல்லைத் தூக்கினாரென்று அக்கல்லிற் பொறிக்கப்பட்டு, அது பரோடா மியூஸியத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன் நிறை 1200 கிலோ என்பர். அத்துணை நிறையை ஒருவர் தரையினின்றும் முழுதும் உயர்த்தினாரென்று நம்புதல் நமக்கு எளிதாயில்லை. ஒருபுறம் பெயர்த்து அசைத்தாரெனினும் அதுவே பெருஞ்செயலாம். புகழ் மிக்கோர்க்கு அவர் அன்பர்கள் ஏற்றும் சுமை அவர் தூக்கிய சுமையினும் பெரிதாய்விடுகின்றது.

இனி அவர் பொருத போர்களுக்கு வருவோம். அந்நாளில் இந்திய மல்லருட் பெரியவராய் விளங்கியவர் குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்பவர். ஏறக்குறைய ஏழடி உயரமுடையவர். காமாவோ ஐந்தடி ஏழு எட்டு அங்குலத்துக்கு மேற்படாதவர். இளம் பிராயத்திலேயே காமா அவரை எதிர்த்தார். மலையொன்றன்மீது மரம் சாய்ந்ததுபோல் எளிதில் முடியுமென்று எண்ணி வந்த ஜனங்கள் ஏமாந்தனர். போர் நெடுநேரம் நீடித்தது. மூக்கினின்றும் செவியினின்றும் குருதி வழிய இளைஞர் நின்று பொருதார். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தோல்வியின்மையே அன்று அவருக்கு வெற்றியாயிற்று. பின்னர்த் தத்தியாவின் குலாம் முகியுத்தீன், போபாலின் பிரதாப் சிங், இந்தூரின் அலிபாபா சேன், முல்தானின் ஹஸன் பக்ஷ் முதலானோரை ஒருவர்பின் ஒருவராக வென்றார். 1910-ம் ஆண்டு வாக்கில், ரஹீம் பக்ஷ் ஒருவரை ஒழித்து, அவரால் வீழ்த்தப்படாத பெயர்பெற்ற மல்லர் இந்தியாவில் எஞ்சவில்லை.

அவ்வாண்டிலேயே அவர் கடல் கடந்தார். சரத் குமார் மித்திரர் என்னும் வங்காளத்துச் செல்வர் பொருளுதவினார். பெஞ்சமின் என்பவர் பந்தய ஏற்பாடுகளைக் கவனித்தார். காமா, தம்பி இமாம் பக்ஷ், அஹமத் பக்ஷ், காமு ஆகிய மல்லர் நால்வரும் லண்டன் சேர்ந்தனர். அங்கு உலகத்து மல்லர் பலர் கூடியிருந்தனர். ஆயின் காமாவின் பெயர் பந்தயத்தில் ஏற்கப்படவில்லை. உயரம் போதாது என்பது அவர்கள் கூறிய காரணம். ஏழடி மல்லரொடு பொருது நின்றவருக்கு இக்காரணம் எத்தகையதாய்த் தோன்றியிருக்கும்! அளவுகோலைக் காட்டி மறுப்பது, ஆளைக் காட்டி மறுப்பதினும் நாகரிகமாகத் தோன்றும் போலும்.

காமா திரும்பிவிடவில்லை. எந்த எடையுள்ள மல்லர் மூவராயினும் வரலாம். அம்மூவரையும் அரைமணி நேரத்தில் வீழ்த்துவேன் என்று பறைசாற்றினார். இஃது வெறும் ஆரவாரமென்று கருதி ஒருவரும் வரவில்லை. பின்னர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோ, பிராங்க் காட்ச் என்னும் இருவரைப் பெயர் குறித்தே அழைத்தார். வெல்லேனாயின் பரிசுத் தொகையை நானே கொடுத்துவிட்டு ஊர் திரும்புவேன் என்றும் அறிவித்தார். காட்ச் என்பவர் 1908-ம் ஆண்டில் சிகாகோ நகரில் ஹாக்கன்ஷ்மிட் என்பாரை வென்று உலக முதன்மை பெற்றிருந்த அமெரிக்கர். அவர் கடைசிவரையிற் காமாவை எதிர்க்கவே இல்லை. முதலில் இசைந்து வந்தவர் பெஞ்சமின் ரோலர் என்னும் அமெரிக்க வைத்தியர். ஆகஸ்டு மாதத்தில் அல்ஹாம்பிரா நாடகசாலையில் நிகழ்ந்த அப்போரில், முதன்முறை ஒரு நிமிஷம் நாற்பது விநாடியிலும், மறுமுறை ஒன்பது நிமிஷம் பத்து விநாடியிலும் ரோலர் வீழ்ந்தார். தம்பி இமாம் பக்ஷும் சுவிட்ஸர்லாந்து தேசத்து ஜான் லெம் என்பாரைச் சில நிமிஷங்களில் வென்றார். அளவுகோல் அப்பாற் போயிற்று. ஸிபிஸ்கோவுடன் போர் நிச்சயமாயிற்று.

அப்போரை வர்ணிக்குமுன் அவ்வாண்டு நிகழ்ந்த வேறொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். அமெரிக்க நீக்ரோவராகிய ஜாக் ஜான்ஸன் என்பவர் 1908-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரில் டாமி பர்ன்ஸ் என்பாரை வென்று, மிகு எடைப் பிரிவுக் குத்துச்சண்டையில் உலக முதன்மை பெற்ற முதற் கறுப்பராயினார். அதைப் பொறாத வெள்ளையர், ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரீஸ் என்னும் பழைய வீரரை மீண்டும் அழைத்து வந்து எதிர்நிறுத்தினர். 1910-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ரீனோ நகரில் அவரையும் ஜான்ஸன் வீழ்த்தினார். அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டது, உயிர்கள் மாண்டன. மறு ஆண்டு லண்டனில் ஜான்ஸனுக்கும் பில்லி வெல்ஸ் என்னும் ஆங்கிலேயருக்கும் ஏற்பாடாகியிருந்த சண்டையை நடவாதபடி தடுத்தனர்; அப்பொழுது உள்நாட்டு மந்திரியாயிருந்தவர் சர்ச்சில். கறுத்த கை வெளுத்த முகத்தை வீழ்த்துவதை ஆயிரவர் கண்ணாரக் காண்பது ஆளுவோர்க்கு அச்சத்தை விளைவித்தது. காமா லண்டனில் இறங்கியது இக்காலத்தில் என்பதை மறந்துவிட்டால், அவர் போரின் பொருள் விளங்காது. அது தோளுக்கும் தோளுக்கும் நிகழ்ந்த போர் மட்டுமன்று.

செப்டம்பர் மாதம் 10-ந் தேதி, ஒலிம்பிக் பந்தயங்கள் 1908-ல் நிகழ்ந்த ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் இருவரும் சந்தித்தனர். பரிசு 250 பவுனும், ஜான்புல் என்னும் பெயர்கொண்ட கச்சையும். ஜான்புல் என்பது ஆங்கிலேயர் தம் இனத்தை ஓர் ஆளாக உருவகித்து இட்ட பெயர். ஆங்கிலேயன் பெயர் கொண்ட கச்சைக்காக அடிமை நாட்டான் ஒருவனும் போலந்து நாட்டான் ஒருவனும் பொருதினர். ஸிபிஸ்கோவின் நாடும் அக்காலத்தில் மூன்று வல்லரசுகளிடைத் துண்டுபட்டுக் கிடந்தது. தனியரசில்லாதார் இருவரே அன்று அம்மேடையில் நின்றனர்.

போர் தொடங்கிய ஒரு நிமிஷத்திற்குள் ஸிபிஸ்கோ கீழே கொண்டுவரப்பட்டார். காமாவினும் மிக்க எடையுடைய அவர், எழுந்து நின்றால் தோல்வியென்று கண்டுகொண்டு, தரையோடு தரையாய்க் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டார். முதுகு மண்ணிற் பட்டாலன்றித் தோல்வியாகாது என்பது விதி. புரட்டுதற்குக் காமா செய்த முயற்சிகள் பல. ஆமை ஓட்டை நீர்க்கரையிற் புரட்டுவது எளிது, ஸிபிஸ்கோவைப் புரட்டுவது அரிதாயிற்று. மெத்தென்ற மண்ணில் நின்றநிலையில் எதிரியை வீசியெறியப் பயின்றவர் காமா. விரிப்பின்மேற் படுத்த நிலையில் நெடுநேரம் காத்துக் கிடக்கும் வித்தையில் மேனாட்டார் தேர்ந்தவர். இரண்டரை மணி நேரத்திற்கு மேல் இந்நிலையே நீடித்தது. காணவந்தோர் சலித்தனர், பொழுதும் இருட்டிற்று, போர் நிறுத்தப்பட்டது. ஸிபிஸ்கோவைக் கோழையென்று எழுதியோர் பலர். நாம் அவ்வாறு எழுதத் துணியோம். தன்னினும் வலியவனிடம் அகப்பட்டவன் இரண்டரை மணி நேரம் புரளாது கிடப்பதற்கும் வலிமையும் பொறுமையும் வேண்டும். ஆயினும் அது வெல்ல வந்தவன் செய்கையன்று. தோலாதிருக்க வந்தவன் செய்கை.

மீண்டும் 17-ந் தேதி பொருவதென்று குறிக்கப்பட்டது. காமா வந்தார், ஸிபிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு வழங்கப்பட்டது. கீழைநாட்டு மல்லன் ஒருவனுக்கு அப்பட்டம் கிடைத்த செய்தி இந்தியாவெங்கும் பரவியபோது, சுதேசி இயக்கத்தின் கனல் இன்னும் தணியாதிருந்த காலமாதலின், ஜனங்கள் தாமே வென்றதுபோல் மகிழ்ந்தனர்.

ஊர் திரும்பிய சின்னாட்களில் அலகாபாத்தில் மீண்டும் ரஹீம் பக்ஷ் எதிர்ப்பட்டார். நெடும்போருக்குப்பின் ரஹீமின் விலாவிற் காயமுற்றதாக, வெற்றி காமாவுக்காயிற்று. ருஸ்தமே ஹிந்த் என்னும் பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. ருஸ்தம் என்பவர் பாரசீகக் காப்பியத்துப் பெருவீரர். தம்மை எதிர்த்தவருள் வல்லவர் யாரென்று பிற்காலத்துக் கேட்டபோது, காமா வெள்ளையர் எவர் பெயரையும் கூறாமல் ரஹீமின் பெயரையே கூறினார் என்பர். தோற்றவரைப் புகழும் பண்பு வென்றவர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. 1916-ம் ஆண்டிற் பண்டித பித்து என்பாரையும் வென்றார். 1922-ல் இந்தியாவுக்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசர் அவருக்கு வெள்ளிக் கதையொன்றைப் பரிசளித்தார்.

பின்னர் அவர் பட்டியாலா சமஸ்தானத்தைச் சார்ந்தார். அதன் மகாராஜா பூபீந்தர் சிங் விளையாட்டுக்களிற் பேரார்வமுடையவர். 1911-ல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியக் கிரிக்கெட் கோஷ்டிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பதினேழு ஆண்டுகளுக்குமுன் முடிவுறாது நின்ற வழக்கை முடித்துவிட வேண்டுமென்று அவர் ஸிபிஸ்கோவை இந்தியாவுக்கு அழைப்பித்தார். ஸிபிஸ்கோ இதற்குள் 1921-லும் 1925-லும் அமெரிக்காவில் உலக முதன்மைப் பட்டம் பெற்றிருந்தவர். ஆதலிற் காய்ந்துபோன மரமென்று அவரை எண்ணுவதற்கில்லை. இருவருக்கும் வயது ஐம்பதை அடுத்திருந்தது. 1928-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் பட்டியாலாவில் எழுப்பப்பட்ட களத்தைச் சுற்றிப் பல்லாயிரவர் கூடினர். நெடும்போரைக் காண உண்டியும் கட்டிக்கொண்டு வந்தோர் பலராயிருப்பர். மல்லர் இருவரும் கைகலந்தனர். ஒரு நிமிஷம் முடியுமுன் ஸிபிஸ்கோவின் முதுகு மண்ணிற் பட்டது. இரண்டரை மணியில் முடியாதது ஒரு நிமிஷத்தில் முடிந்தது. இம்முறை விரிப்பு இல்லை. காமாவின் சொந்த மண் இருந்தது. லண்டனிற் களம் ஸிபிஸ்கோவுக்குத் துணை செய்தது. பட்டியாலாவிற் காமாவுக்குத் துணை செய்தது. நடுநின்று நோக்குவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நிறுத்தல் வேண்டும். அங்ஙனம் நிறுத்தினும், இரண்டு களங்களிலும் முதற்கண் கீழே போனவர் யார் என்பதில் ஐயமில்லை.

அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்ஸன் என்பவரும் வந்து, இரண்டு நிமிஷமும் நில்லாது வீழ்ந்தார். அதன்பின் காமாவுக்கு எதிரி அகப்படவில்லை. எதிரியின்மை மல்லனுக்குப் பெருமையென்று பிறர் கூறுவர். அவனுக்கோ அது ஓய்வுபெற்ற துயரமேயாகும். உலகத்தில் முதல்வர் அவர்தானா என்று வினவுவார்க்கு நாம் கூறக்கூடியது இதுவே: காட்ச் என்பார் அவரொடு பொருதாரில்லை; பொருதிருப்பின் என்னவாகியிருக்குமென்று கூறுதல் ஊகம். பொருதவர் எவரும் அவரை வென்றாரில்லை என்பது மட்டும் உண்மை.

இங்ஙனம் வலிமையாற் பெற்ற புகழெல்லாம் ஒருபுறம் வைக்க. 1947-ம் ஆண்டில் நிகழ்ந்ததே அவர் சரித்திரத்தில் நமக்கு மிகவும் மதிப்புடையதாகத் தோன்றுகின்றது. தேசம் இரண்டாகப் பிரிந்தபோது காமா லாகூரில் மோகினி ரோடு என்னும் பகுதியில் வசித்து வந்தார். அத்தெருவில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. பஞ்சாப் முழுதும் அண்டை வீட்டானை அண்டை வீட்டான் வெட்டிய நாட்கள் அவை. கொல்லவும் கொள்ளையிடவும் கூட்டமொன்று தெருமுனையில் வந்தபோது, எழுபதை அணுகிய அம்முதியவர் தம் சீடர்களுடன் வழிமறித்து நின்றார் என்பர். முன்வந்த ஒருவனை அவர் அறைந்த அறையே கூட்டத்தைக் கலைத்தது என்றும், பின்னர் அவ்விந்துக்களுக்குச் சில நாட்களுக்கு வேண்டிய உணவும் அளித்து எல்லைவரை பத்திரமாக அனுப்புவித்தார் என்றும் கூறுவர். அந்நாளில் தம் மதத்தாரை எதிர்த்து நிற்பது ஸிபிஸ்கோவை எதிர்த்து நிற்பதினும் அரிது. அதற்குப் பரிசுமில்லை, கச்சையுமில்லை. சிறு வயதில் அவர் இறங்கிய குழியின் மண்ணை இந்து மல்லரும் முஸ்லிம் மல்லரும் சேர்ந்தே கொத்தினர் என்பதை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

பிரிவினைக்குப்பின் அவர் பாகிஸ்தான் பிரஜையாயினார். சமஸ்தானங்கள் மறைந்தன, பூபீந்தர் சிங் 1938-லேயே காலமாகிவிட்டார். மல்லரை வைத்துப் போஷிக்கும் வழக்கமும் அரசர்களோடு போயிற்று. காமாவின் வாழ்வு முழுதும் பிறர் கொடையைச் சார்ந்தே இருந்தமையால், கொடுப்போர் இல்லாதபோது கையிலும் ஒன்றுமில்லையாயிற்று. அவருடைய புதல்வர்கள் அனைவரும் இளமையிலேயே இறந்தனர். ஒரு காலத்திற் கல்லைப் பெயர்த்த உடலை இருதய நோயும் காசமும் பற்றின. அவர் வறுமையைக் கேள்வியுற்ற இந்தியத் தொழிலதிபர் கனசியாம் தாஸ் பிர்லா, இரண்டாயிரம் ரூபாயும் மாதந்தோறும் முந்நூறு ரூபாயும் உதவினார். எல்லைக்கு அப்பாலிருந்து இக்கொடை வந்தது. பாகிஸ்தான் சர்க்காரும் வைத்தியச் செலவுக்கு உதவிற்று. கோடிக்கணக்கானோர் பெயரறிந்த ஒருவர் முதுமையில் மாதம் முந்நூறு ரூபாய்க்குக் காத்திருந்தாரென்பதைப் படிக்கும்போது நம் நெஞ்சு துணுக்குறுகின்றது. நெய்தவன் உடுக்க இல்லாது நிற்பதைக் கண்டறிந்த நம் மக்களுக்கு இதன் துயரம் எடுத்துரைக்க வேண்டியதன்று.

1960-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி, எண்பத்திரண்டு நிரம்பிய மறுநாள், காமா லாகூரில் உயிர் நீத்தார். அவரொடு பொருத ஸிபிஸ்கோ அமெரிக்காவில் 1967 வரையில் வாழ்ந்திருந்தார். தம்பி இமாம் பக்ஷின் மக்கள் போலு சகோதரர் என்னும் பெயரால் பாகிஸ்தானிற் குஸ்தியை நிலைநிறுத்தினர். அவருள் அக்ரம் என்பவர் 1976-ல் கராச்சியில் ஜப்பானியராகிய அந்தோனியோ இனோகியிடம் தோள் முறிந்து தோற்றார். அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஜாரா என்னும் இளைஞர் 1979-ல் லாகூரில் அதே இனோகியை எதிர்நின்று குடும்பத்தின் மானத்தைக் காத்தார். பாகிஸ்தானில் மும்முறை பிரதம மந்திரியாயிருந்த நவாஸ் ஷெரீபின் மனைவியார் குல்ஸூம் அம்மையார், காமாவின் மகள் வயிற்றுப் பேர்த்தி. அவ்வம்மையார் 2018-ல் காலமானார். ஹாங்காங் நகரத்தவராகிய புரூஸ் லீ என்னும் சண்டைக் கலை நிபுணரும் காமாவின் பயிற்சி முறைகளைப் படித்துத் தம் பயிற்சியிற் சேர்த்துக்கொண்டார் என்பர்.

பட்டியாலாவில் மகாராஜாவின் மோதிபாக் அரண்மனை, 1961-ல் விளையாட்டுப் பயிற்சியாளர்க்குரிய தேசியக் கலாசாலை ஆயிற்று. அங்குள்ள காட்சிசாலையில் வளையம் போன்ற சாதனமொன்று வைக்கப்பட்டுள்ளது. அதன் நிறை 95 கிலோ. அதனைக் கழுத்திற் பூண்டுகொண்டுதான் காமா நாள்தோறும் பஸ்கி போட்டு வந்தார்.